மரைக்காயருக்குப் போன பால்

சேக் அலாவுதீன் மரைக்காயருக்கு வயசாகக் கூடாதாம். ஊரில் மற்றவர்கள் எல்லாரும் நரைக்கலாம், பல் கொட்டலாம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், நேரம் வந்ததும் மையத்தாங்கொல்லைக்குப் போய்ச் சேரலாம். அவருக்கு மட்டும் அது ஆகாது. சைகோனில் முப்பது வருஷம் துணிக்கடை, காரைக்காலில் நெல் மண்டி, கடலில் மூன்று தோணி என்று சேர்த்து வைத்ததை அனுபவிக்க ஒரு ஆயுசு போதவில்லை, இன்னொன்று வேண்டுமாம். கொழுப்பெடுத்தவன் கேட்பதற்கு அளவு உண்டா என்ன?

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. மரைக்காயருக்கு அறுபத்து மூன்று. மனைவி மௌத்தாகி ஆறு வருஷம். மகன்கள் இரண்டு பேரும் சைகோனிலேயே குடும்பம் குட்டியாகிவிட்டார்கள். அவர் வீட்டில் அறுபத்து மூன்று என்று யாரும் மூச்சுவிடக் கூடாது. வாசலில் பதினெட்டு வருஷம் காவல் இருந்தவன் ஒரு நாள் வாய் தவறி ‘பெரியவரே’ என்று கூப்பிட்டுவிட்டான். மறுநாள் அவனுக்கு வேலை இல்லை.

கைருன்னிஸாவின் காதிலும் இதெல்லாம் விழும். கேட்டுச் சிரித்துக்கொள்வாள். அவளுடைய வாப்பா நூகு, மரைக்காயரின் பெரிய தோணியை நடத்தும் தண்டல். புருஷன் ஜெகபர் சாதிக் பினாங்கில் ஒரு கடையில் இருந்தான். அவளுக்கு இருபத்து நாலு வயசு, கையில் மூன்று மாத ஆண் பிள்ளை. பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருந்தவள், புருஷன் வரும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு. தங்கச்சி ஜன்னத்துல் பிர்தௌஸுக்குப் பத்தொன்பது. யாரைப் பார்த்தாலும் அவர்களைப்போல நடந்து காட்டி வீட்டைச் சிரிக்க வைக்கிற பெண். மரைக்காயர் நடையையும் நடந்து காட்டுவாள். பாவம், அப்போது அவளுக்கு என்ன தெரியும்?

அந்த வருஷந்தான் காத்தமுத்துப் பண்டிதர் ஊருக்குள் வந்தார். எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் மலை என்பார். எந்த மலை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். நூற்றுப் பத்து வயசு ஆளை இருபத்தைந்தாக ஆக்கி அனுப்பியதாகச் சொன்னார். அந்த இருபத்தைந்து வயசுக்காரன் எங்கே என்று ஒருத்தனும் கேட்கவில்லை. மரைக்காயர் அவரை வண்டி வைத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

தருமபுரத்தில் மரைக்காயருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதன் நடுவில் ஒரு அறை கட்டினார்கள். அதைச் சுற்றி இன்னொரு சுவர், அதையும் சுற்றி இன்னொன்று. வெயில் ஒரு பொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. தலையை மழித்து, மரைக்காயரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார் பண்டிதர். நாற்பது நாள். பழைய மனுஷன் இன்றோடு முடிந்தான், உள்ளே இருப்பது இன்றைக்குப் பிறந்த குழந்தை என்று வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிறபடி சொன்னார். சோறு கிடையாது, உப்பு கிடையாது. குரும்பகரத்திலிருந்து ஓட்டி வந்த காராம்பசுவின் பால், நெல்லிக்காய்ச் சாறு, சேராங்கொட்டை போட்டுக் காய்ச்சிய நெய். நாலு நாளைக்கு ஒரு தரம் அரசலாற்று மணலைக் கொண்டுவந்து அதில் கழுத்துவரை புதைத்து வைப்பார்கள். இவ்வளவையும் அந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அந்தப் பொறுமையில் காலே அரைக்கால் பங்கை வாசல் காவல்காரனிடம் காட்டியிருக்கலாம்.

அவர் பட்டது அவரோடு போயிருந்தால் நமக்கென்ன? தோப்பைச் சுற்றிப் பதினோரு வீடுகள். தேங்காய் உரிப்பவர்கள், வண்டிக்காரர்கள். பொரித்த மீன் வாடை குழந்தையின் மூக்குக்கு ஆகாது என்று பண்டிதர் சொல்லிவிட்டார். பதினோரு வீட்டிலும் நாற்பது நாள் மீன் சட்டி ஏறவில்லை. திருவேட்டக்குடியிலிருந்து கூடை சுமந்து வருகிற பெண்கள் அந்தப் பாதையையே விட்டுச் சுற்றிப் போனார்கள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டு, ஏன் மீன் இல்லை என்று கேட்டு அடி வாங்கின.

மரைக்காயர் உள்ளே போன முதல் நாளே நூகு மகளிடம் வந்து நின்றார். முதலாளிக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறதாம், மருந்து அரைக்க ஆண் பிள்ளை பெற்றவளின் பால் வேண்டுமாம், இருட்டறையில் இருக்கிறவருக்குக் கண் போய்விட்டால் பாவமாம். கண் மருந்துக்குத் தாய்ப்பால் கேட்பது ஊரில் நடக்காத விஷயமா? பக்கத்து வீட்டு ஆளுக்குக் கண் சிவந்தால்கூடக் கேட்டு வருவார்கள், யாரும் இல்லை என்று சொன்னது கிடையாது. கைருன்னிஸாவும் சொல்லவில்லை. காலையில் ஒரு சின்னக் கிண்ணம், சாயங்காலம் அசர் நேரத்தில் ஒரு சின்னக் கிண்ணம். மரைக்காயர் வீட்டு வேலைக்காரி ராசாத்தி வந்து துணி மூடி வாங்கிப் போவாள்.

பத்து நாள் கழித்து கிண்ணம் தம்ளர் ஆனது. கண்ணுக்கு இவ்வளவு எதற்கு என்று கைருன்னிஸா வாப்பாவிடம் கேட்டாள். மருந்து நிறைய அரைக்கிறார்களாம் என்றார். தம்ளர் நிறைந்த பிறகு பிள்ளையை மாரில் போட்டால் அவன் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்துவான். சீனித்தண்ணி கொடுத்தாள், கஞ்சித்தண்ணி கொடுத்தாள். நாலாம் மாதத்தில் புஷ்டியாக வர வேண்டிய தொடையில் தோல் தொங்கியது. அவளுடைய உம்மா ஆஸியா பீவி பூண்டும் வெந்தயமும் போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஊறியதெல்லாம் தம்ளருக்கே போனது.

நாற்பதாம் நாள் மரைக்காயர் வெளியே வந்தார். மெலிந்து, தோல் வழவழவென்று, பார்வைக்கு ஒரு தினுசாகத்தான் இருந்தார். சேராங்கொட்டை நாலு பல்லைக் காவு வாங்கியிருந்தது. புதுப் பல் முளைக்கும் என்று பண்டிதர் சொன்னார். மரைக்காயர் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தபோது முளைத்திருந்தது. முளைத்த மயிருக்கு அவுரியும் மருதாணியும் தீட்டிக் கருப்பாக்கினார்கள். ஊர் வாயைப் பிளந்தது. நாகப்பட்டினத்திலிருந்து நாலு பணக்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு வந்து அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பண்டிதரிடம் தங்களுக்கும் ஒரு இருட்டறைக்கு நாள் கேட்டார்கள்.

அதோடு விட்டாரா? குழந்தை பிறந்தால் தலைமுடி இறக்கி ஆடு அறுத்து அகீகா கொடுப்பது நம் வழக்கம். பெண் பிள்ளைக்கு ஒன்று, ஆண் பிள்ளைக்கு இரண்டு. மரைக்காயர் தனக்குத் தானே இரண்டு கிடா அறுத்து அகீகா கொடுத்தார். புதுசாகப் பிறந்தேன் என்று சொல்லிச் சொல்லித் தெருவில் எல்லா வீட்டுக்கும் கறி அனுப்பினார். பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு, இவருக்குச் சின்ன வயசில் விட்டுப்போனதை இப்போது கொடுக்கிறாராக்கும் என்று எண்ணம். எல்லாரும் சாப்பிட்டார்கள். கைருன்னிஸாவும் சாப்பிட்டாள், பால் ஊறட்டும் என்று.

கறி தீர்ந்த நாலாம் நாள் மரைக்காயர் வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள் வந்தது. ஜன்னத்தைத்தான்.

நூகுவுக்குத் தலை கால் புரியவில்லை. முதலாளி வீட்டுச் சம்பந்தம்! மூன்று தோணியும் மருமகனுடையது! ஜன்னத் மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அவர் தட்டிவிட்டுப் போனார். கைருன்னிஸா விடவில்லை, குறுக்கே போய் நின்றாள்.

“வாப்பா, உங்களுக்கு வயசு என்ன?”

“அம்பத்தி நாலு.”

“மாப்பிள்ளைக்கு?”

“அது பழைய கணக்கும்மா,” என்றார் நூகு. “அவங்க இப்ப இளந்தாரி. ஊரே பாக்குது, உனக்கு மட்டும் கண்ணு தெரியலையா?”

இருபது வருஷம் கடலில் காற்றையும் நீரோட்டத்தையும் கணித்த மனுஷன் இப்படிச் சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது? நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார், நம்பினார். நிக்காஹுக்கு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தாயிற்று. ஜன்னத் யாரைப்போலவும் நடந்து காட்டுவதை விட்டுவிட்டாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைப்பாள். ராப்பகலாக அக்கா மடியில் தலை வைத்துக்கொண்டு, “என்ன விட்டுடாதே லாத்தா” என்று அதையே சொல்லிக்கொண்டு கிடந்தாள்.

வியாழக்கிழமை பெண்ணுக்குப் பட்டும் நகையும் தட்டில் வைத்து ராசாத்தி கொண்டுவந்தாள். அவளுக்கு அந்தத் தட்டைத் தூக்கி வரவே கை கூசியிருக்கிறது. பிள்ளையின் தொடையைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் கைருன்னிஸாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். கண்ணுக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. கண்ணில் பூவே இல்லை. பாலை அவர் குடித்தார். கைக்குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையில் ஊற்றி, மடியில் தலையை வைத்து, பண்டிதர் புகட்டினார். முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை இரண்டு வேளையும் பாலாடையைக் கழுவி வைத்தது ராசாத்திதான்.

கைருன்னிஸா கிணற்றடியில் போய் வாந்தி எடுத்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அழுகை நின்றதும் வந்தது பாருங்கள் ஆத்திரம், உச்சந்தலைவரை எரிந்தது. ஒரு சிசு வயிறு காய்ந்து கத்தும்போது ஒரு கிழவன் அதன் பங்கைக் குடித்திருக்கிறான். குடித்துத் தெம்பு வந்ததும் அவள் தங்கச்சியையே கேட்கிறான். ஏமாற்றியவன் அவன், ஏமாந்தவள் நான், இதில் வெட்கப்பட வேண்டியது யார் என்று கிணற்றைப் பார்த்துக் கேட்டாள்.

உம்மாவிடம் சொன்னாள். ஆஸியா பீவி மகளின் வாயைப் பொத்தினாள். வேற்று ஆம்பிளை உன் பாலைக் குடித்தான் என்று வெளியே தெரிந்தால் உன் மாப்பிள்ளை உன்னை வைத்து வாழ்வானா, பினாங்குக்குக் காகிதம் போட ஊரில் ஆளா இல்லை என்று நடுங்கினாள். அது சும்மா பயம் இல்லை. உண்மையிலேயே போடுவார்கள்.

வாப்பாவிடமும் சொன்னாள். அவருக்கும் கண் மருந்து என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்றே, பந்தல் போட்டாயிற்றே. பால் குடித்தால் மகன் முறை ஆகிவிடுமே, மகனுக்கு எப்படித் தங்கச்சியைக் கொடுப்பீங்க என்று அவள் கேட்டதற்கு, அது இரண்டு வயசுக்குள் குடிக்கிற பிள்ளைக்குத்தான், வளர்ந்தவன் குடித்தால் உறவு இல்லை, ஓதின உனக்குத் தெரியாதா என்றார். அவர் சொன்னது சரிதான். சட்டம் அதுதான். கைருன்னிஸா உள்ளே வந்து தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ மாட்டேன் என்றால் சின்னப் பெண் என்று தட்டிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை நீ வாயைத் திறக்க வேண்டாம், நான் திறக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பந்தல் நிறைந்திருந்தது. மரைக்காயர் சேர்வானியும் பூச்சரமுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காத்தமுத்துப் பண்டிதர், எதிரே நாகப்பட்டினத்துப் பணக்காரர்கள் நாலு பேர். ஹஜ்ரத் கல்யாணத் தப்தரை விரித்து வைத்திருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள். ஜன்னத் முக்காட்டுக்குள் குனிந்திருந்தாள். அவள் கை கைருன்னிஸாவின் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. சாட்சிகள் திரையோரம் வந்து, பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கைருன்னிஸா எழுந்து நின்றாள்.

“ஹஜ்ரத், மார்க்கத்துல ஒரு விளக்கம் கேக்கணும். என் பால் குடிச்ச பிள்ளைக்கு என் தங்கச்சிய நிக்காஹ் பண்ணலாமாங்க?”

திரைக்குள்ளிருந்து பெண் குரல் வந்ததில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹஜ்ரத் நிதானமாகப் பதில் சொன்னார்.

“ஆகாதும்மா. அவனுக்கு நீ தாய், உன் தங்கச்சி சாச்சி. ஹராம். இத ஏன் இப்பக் கேக்குறே?”

“மாப்பிள்ளை குடிச்சிருக்காங்க.”

பந்தலில் எழுந்த சத்தத்தைச் சொல்லி முடியாது. நூகு எழுந்தார், உட்கார்ந்தார். மரைக்காயர் இந்தப் பொண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார். ஹஜ்ரத் கையமர்த்திவிட்டு, இது உண்மையா என்று பொதுவாகக் கேட்டார். அங்கேதான் காத்தமுத்துப் பண்டிதர் வாயைக் கொடுத்தார். பாவம், மலைக்காரருக்குப் பால்குடி உறவைப் பற்றி என்ன தெரியும்? எதிரே நாலு பணக்காரர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள், வைத்தியத்தின் அருமையைச் சொல்ல நல்ல சமயம் என்று நினைத்துவிட்டார். ஆமாம், தாய்ப்பால்தான் மூல மருந்து, நானே என் கையால் பாலாடையில் புகட்டினேன், அதனால்தான் இந்த மேனி என்று மரைக்காயரின் கன்னத்தைக் காட்டினார்.

அஞ்சு தடவையாவது குடித்திருந்தால்தான் கணக்கு. எத்தனை தடவை என்று ஹஜ்ரத் கேட்டார். காலையில் ஒன்று, அசருக்கு ஒன்று, நாற்பது நாள், எண்பது தடவை என்று கைருன்னிஸா சொன்னாள். ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு, இரண்டு வயசுக்குள் குடித்தால்தான் இந்த உறவு உண்டாகும், வயசுக்கு வந்தவர்கள் குடித்தது அசிங்கமே தவிர உறவு ஆகாது என்று விளக்கினார். நூகுவுக்குப் போன உயிர் திரும்பியது. மரைக்காயர் பாண்டிச்சேரிப் பல் தெரியச் சிரித்தார்.

“அப்ப மாப்பிள்ளைக்கு வயசு என்னன்னு கேளுங்க ஹஜ்ரத்,” என்றாள் கைருன்னிஸா. “ரெண்டு கிடா அறுத்து அகீகா கொடுத்தாங்க. இங்க இருக்குற எல்லாரும் தின்னோம். பிறந்து எத்தனை நாளாச்சுன்னு அவங்க வாயாலயே சொல்லட்டும். நீங்க தப்தர்ல எழுதுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஹஜ்ரத் தப்தரைப் பார்த்தார். மாப்பிள்ளையின் வயசுக்கு இடம் காலியாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, சொல்லுங்க மரைக்கார், நான் எழுதுவது அல்லாஹ்வுக்கு முன்னால் நிற்கும் என்றார்.

அறுபத்து மூன்று. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லியிருந்தால் சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை. நூகு தலையைக் குனிந்துகொண்டாவது கையைப் பிடித்துக் கொடுத்திருப்பார். ஜன்னத்தின் வாழ்க்கை அத்தோடு போயிருக்கும். திரைக்குப் பின்னால் நின்ற கைருன்னிஸாவுக்கு இது தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் கேட்டாள். அந்த மனுஷன் அதைச் சொல்லமாட்டான் என்று, அந்த ஒன்றை மட்டும் நம்பி நின்றாள்.

மரைக்காயர் எதிரே பார்த்தார். நாகப்பட்டினத்துக்காரர்கள் நாலு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவர்கள். வாசலில் வேலை போன காவல்காரன்கூட ஒரு ஓரமாக நின்றான். அவுரியும் மருதாணியும் தீட்டிய தலையில் வேர்வை கசிந்து காதோரம் கருப்பாக இறங்கியது. ஹஜ்ரத் இரண்டாம் தடவை கேட்டார்.

“நான் பழைய ஆளு இல்ல ஹஜ்ரத்,” என்றார் மரைக்காயர். “அவன் செத்துட்டான். நான் அந்த அறையில பிறந்தவன்.”

“எத்தனை நாள் ஆச்சு?”

“எழுவத்தி நாலு நாள்.”

ஹஜ்ரத் எழுதவில்லை. பேனாவை மூடினார், தப்தரையும் மூடினார். இவர் சொல்கிறபடி பார்த்தால் இவர் பால் குடித்த பிள்ளை, பெண் இவருக்குச் சாச்சி. இல்லை என்றால் சபையில் பொய் சொன்னவர். இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் இந்த நிக்காஹை ஓத மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மரைக்காயர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முதலாளி உட்கார்ந்திருக்கும்போது யார் முதலில் எழுவது என்று பந்தலே தயங்கியது. கைருன்னிஸா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முக்காடு சரியாகத்தான் இருந்தது. இடுப்பில் பிள்ளை. அதன் கை கால் எல்லாம் குச்சி. பினாங்குக்குக் காகிதம் போகட்டும், போனால் போகட்டும். பிறந்த நாளிலிருந்து அவளும் அவள் வாப்பாவும் ‘முதலாளி’ என்று மட்டுமே கூப்பிட்ட அந்த மனுஷனின் முன்னால் போய் நின்றாள்.

“எந்திரிடா மவனே,” என்றாள். “வீட்டுக்குப் போ.”

அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் அங்கே இல்லை. இத்தனை ஜனத்துக்கு முன்னால் அவரை யாரும் டா போட்டது கிடையாது. திட்டலாம் என்றால் எப்படித் திட்டுவது? பிள்ளை என்று ஒப்புக்கொண்டவர். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, முழங்கால் மடக் மடக்கென்று சத்தம் போட, ஒருத்தரும் கைகொடுக்காமல் அந்தக் கைக்குழந்தை எழுந்து போனது.